சட்டத்தில் புலிக்குச் சமம், நிலக்கணக்கில் தரிசு: தேவாங்குக்கு வீடு எங்கே?

புது தில்லி: 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பாங்காக்கிலிருந்து வந்து, துபை செல்வதற்காகத் தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் இறங்கியிருந்த பயணி ஒருவரைப் பாதுகாப்புப் படையினர் சோதனையிட்டனர். அவரது உள்ளாடைக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது தங்கமோ போதைப் பொருளோ அல்ல. ஏறத்தாழ ஏழு அங்குல நீளமுள்ள தேவாங்கு ஒன்று. உலகப் பத்திரிகைகள் பலவும் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. சில நாள்களில் அது மறக்கப்பட்டும் போனது.

ஆனால், அந்தச் செய்தியில் வேடிக்கை ஏதும் இல்லை. மனிதன் உள்ளிட்ட முதனி வரிசையைச் சேர்ந்த ஓர் உயிர், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது என்பதாலேயே கடத்தல் பொருளாகிவிடுகிறது. சிறியது, இரவில் மட்டுமே நடமாடுவது, ஓசையின்றி வாழ்வது ஆகிய மூன்று இயல்புகளும் பல லட்சம் ஆண்டுகளாக அதைக் காப்பாற்றி வந்தன. இன்று அதே இயல்புகளே அரசின் கண்ணிலிருந்தும் அதை மறைத்துவிட்டன.

இந்திய வனவிலங்குச் சட்டத்தில் தேவாங்கு, புலிக்கும் யானைக்கும் சமமான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதே சமயம், அது வாழும் முள்காடுகளில் பெரும்பகுதி அரசின் நிலக்கணக்கில் "தரிசு" என்று எழுதப்பட்டுள்ளது. விலங்கைக் காக்கும் சட்டத்துக்கும் நிலத்தை வகைப்படுத்தும் கணக்குக்கும் இடையே உள்ள இந்த முரண்பாடுதான் தேவாங்கின் இன்றைய நெருக்கடிக்கு மூலகாரணம்.

இரண்டு இனங்கள், இரண்டு மூலைகள்

இந்தியாவில் இரவில் நடமாடும் முதனிகள் இரண்டு மட்டுமே. இரண்டும் தேவாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று தென்னிந்தியாவில் வாழும் மெலிந்த தேவாங்கு. மற்றொன்று வடகிழக்கு மாநிலங்களில் வாழும் வங்கத் தேவாங்கு.

தென்னிந்தியத் தேவாங்கில் இரு உள்ளினங்கள் உள்ளன. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் வறண்ட காடுகளில் வாழ்வது மைசூர் தேவாங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமிகு காடுகளில் வாழ்வது மலபார் தேவாங்கு. இலங்கையில் வாழும் செந்தேவாங்கு தனி இனமாகக் கருதப்படுகிறது.

தென்னிந்தியத் தேவாங்கின் எடை 300 கிராமைத் தாண்டுவது அரிது. குச்சி போன்ற கைகால்கள், வெளியே தெரியாத வால், முகத்தின் பெரும்பகுதியை அடைத்துக் கொள்ளும் இரு கண்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மிக மங்கிய வெளிச்சத்திலும் இதனால் பார்க்க முடிகிறது. இரவில் இதன் மீது விளக்கொளி பட்டால் இரண்டு கண்களும் செந்நிறத் தணல்போல் ஒளிரும். ஆய்வாளர்கள் இதைக் கண்டறிவதும் அந்த ஒளியைக் கொண்டுதான்.

தேவாங்கு தாவுவதில்லை. இதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மையை மனத்தில் கொள்வது அவசியம். குரங்குகள் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ந்து சென்றுவிடும். தேவாங்கோ பின்னங்கால்களால் ஒரு கிளையைப் பற்றிக் கொண்டு, உடலை நீட்டி அடுத்த கிளையைப் பிடித்த பிறகே முதல் கிளையை விடும். கைகால்களில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்ப் பின்னல், தசை சோர்ந்து போகாமல் நெடுநேரம் கிளையைப் பற்றியிருக்க உதவுகிறது. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக் கொண்டிருக்கும் வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு சாலை வந்துவிட்டால், தேவாங்கு தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். தரையில் அதற்கு வேகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இதன் உணவில் பெரும்பங்கு பூச்சிகள். எறும்பு, கரையான், வண்டு, பிற விலங்குகள் தீண்டாத நச்சுப் பூச்சிகள் ஆகியவற்றையும் இது உண்கிறது. மனிதர்களின் வயலோரங்களில் இதைச் சகித்துக் கொள்வது மட்டுமல்ல, வரவேற்கவும் காரணம் உண்டு என்பதை இந்த உணவுப் பழக்கமே காட்டுகிறது.

தேவாங்கு தனிமை விரும்பி என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1990-களின் பிற்பகுதியில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பகுதியில் ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் மேற்கொண்ட ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. இரவில் பிரிந்து சென்று இரை தேடும் தேவாங்குகள், விடிவதற்குள் ஓரிடத்தில் கூடி, ஒன்றையொன்று நாவால் நீவி, அடர்ந்த கிளைகளுக்கு நடுவே பந்துபோல் சுருண்டு சேர்ந்தே உறங்குகின்றன என்பது தெரிய வந்தது. இதே மாவட்டத்தில் சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகிய ஆய்வாளர்களும் தேவாங்கின் சமூக வாழ்க்கையையும் இனப்பெருக்கத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கருக்காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள். ஓர் ஈற்றில் ஒரு குட்டி அல்லது இரண்டு குட்டிகள் மட்டுமே பிறக்கும். 300 கிராம் எடைகூட இல்லாத ஒரு விலங்குக்கு இது மிக நீண்ட கருக்காலமாகும். அதே எடையுள்ள எலி இதற்குள் பலமுறை ஈன்றுவிடும். ஒரு காட்டிலிருந்து சில தேவாங்குகள் பிடித்துச் செல்லப்பட்டாலும் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

வடகிழக்கின் வங்கத் தேவாங்கு இதைவிடப் பருத்தது. ஒன்று முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ளது. மரங்களிலிருந்து கசியும் பிசினே இதன் முக்கிய உணவு என்பதைத் திரிபுராவின் திருஷ்ணா சரணாலயத்தில் நடைபெற்ற ஆய்வு எடுத்துக்காட்டியது. முதனிகளிலேயே நச்சுக் கடி உடையவை மெதுவாக நகரும் இந்த வகைத் தேவாங்குகள்தான். முழங்கையின் உட்புறம் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நீரை நக்கி, எச்சிலோடு கலந்து கடிக்கும்போது அது நஞ்சாகிறது. கடிபட்ட மனிதர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது உண்டு.

பழிச்சொல்லும் நாணப் பெயரும்

தமிழில் மெலிந்த ஒருவரை இகழ வேண்டுமானால் "தேவாங்குபோல" என்பார்கள். கன்னடத்தில் இதற்குப் பெயர் "காடுபாப்பா", அதாவது காட்டுக் குழந்தை. மலையாளத்தில் "குட்டித்தேவாங்கு". அசாமிய மொழியில் வங்கத் தேவாங்கை "லாஜுகி பாந்தர்" என்றும் வங்க மொழியில் "லஜ்ஜாவதி பானர்" என்றும் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் நாணமுள்ள குரங்கு. பகலில் தலையைக் கைகளுக்குள் புதைத்து உறங்கும் அதன் தோற்றத்திலிருந்து பிறந்த பெயர்கள் இவை.

பெயரில் இருக்கும் பரிவு நடைமுறையில் இருப்பதில்லை. தேவாங்கின் கண்ணுக்கும் உடலுறுப்புகளுக்கும் மருந்துச் சக்தியும் மாந்திரீகச் சக்தியும் இருப்பதான மூடநம்பிக்கை தென் மாநிலங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பில்லி சூனியத்துக்காகவும், சோதிடம் சொல்லக் கூட்டம் சேர்ப்பதற்காகவும், வீட்டில் வளர்ப்பதற்காகவும் இவை பிடிக்கப்படுகின்றன.

இணையமும் இதில் தன் பங்கைச் செய்துள்ளது. 2009-இல், மனிதர் ஒருவர் கிச்சுகிச்சு மூட்டக் கைகளை உயர்த்தி நிற்கும் வெளிநாட்டுத் தேவாங்கு ஒன்றின் காட்சி உலகெங்கும் பரவியது. அது மகிழ்ச்சியில் கைகளை உயர்த்தவில்லை. முழங்கை நச்சுச் சுரப்பியை வாயருகே கொண்டு வரும் தற்காப்பு நிலை அது. கோடிக்கணக்கானோர் அச்சத்தைக் கண்டு கொஞ்சல் என்று நினைத்தார்கள். வளர்ப்புப் பிராணியாக விற்கப்படும் தேவாங்குகளின் பற்கள், கடிக்காமல் இருப்பதற்காக வெட்டப்படுவதும் உண்டு.

அட்டவணையில் முதலிடம்

சட்டத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரு தேவாங்குகளையும் முதல் அட்டவணையில் சேர்த்தது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், இக்குற்றத்துக்கான குறைந்தபட்ச அபராதத்தை 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தியது. வங்கத் தேவாங்கு உள்ளிட்ட மெதுதேவாங்குகளின் பன்னாட்டு வணிகத்துக்கு 2007-ஆம் ஆண்டு தி ஹேக் நகரில் கூடிய "சைட்டிஸ்" மாநாடு முழுத் தடை விதித்தது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய அட்டவணையில் தென்னிந்தியத் தேவாங்குக்குத் தரப்பட்டிருந்த அறிவியல் பெயர், இன்றைய வகைப்பாட்டின்படி இலங்கைச் செந்தேவாங்குக்கு மட்டுமே உரியது என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒரே இனம் என்று அறிவியல் உலகம் கருதிய காலத்தின் எச்சம் அது.

எனினும், சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டியுள்ளது. "வேட்டை" என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, உடலுறுப்பை எடுப்பது ஆகியவை அடங்கும். பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அடங்கும். தேவாங்கு கூடு கட்டுவதில்லை. அது உறங்கும் கிளைதான் அதன் வீடு. சரணாலயத்துக்கு வெளியே அந்தக் கிளையை வெட்டுபவர், தேவாங்கைத் தொடாத வரை, வேட்டைக் குற்றம் செய்தவர் ஆகமாட்டார்.

எண்ணப்படாத உயிர்

தில்லியில் வனவிலங்குக் கொள்கை என்றால் முதலில் நினைவுக்கு வருவது எண்ணிக்கை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2025 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தின் கிர் பகுதியில் பிரதமர் தலைமையில் கூடிய தேசிய வனவிலங்கு வாரியக் கூட்டத்தில், ஆற்று ஓங்கில்கள் 6,327 என்ற முதல் மதிப்பீடு வெளியிடப்பட்டது. சிங்கக் கணக்கெடுப்பு, முதலை இனமான கரியாலுக்குப் புதிய திட்டம், கானமயிலுக்கான தேசியச் செயல்திட்டம் ஆகியவையும் அங்கு அறிவிக்கப்பட்டன.

தேவாங்குக்கு இப்படி நாடு தழுவிய கணக்கெடுப்பு இதுவரை நடந்ததில்லை. புலிக்குப் பயன்படும் தானியங்கிக் கேமராக்கள் தரையோரம் பொருத்தப்படுபவை. மரக்கிளைகளில் ஊர்ந்து செல்லும் சிறு விலங்கு அவற்றில் சிக்குவதில்லை. தேவாங்கை எண்ண வேண்டுமானால், சிவப்பு வடிகட்டி பொருத்திய விளக்கோடு இரவு முழுவதும் நடந்து, ஒளிரும் கண்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதற்குத் தேவை பெரிய கருவிகள் அல்ல. பயிற்சி பெற்ற ஆட்களும் பொறுமையுமே.

எண்ணிக்கை இல்லாவிட்டால் திட்டம் இல்லை; திட்டம் இல்லாவிட்டால் நிதி இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களை மீட்பதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில் 2021-ஆம் ஆண்டு 22 இனங்கள் இடம்பெற்றிருந்தன. பனிச்சிறுத்தை, வரையாடு, ஆவுளியா, கழுகுகள், சிவப்புப் பாண்டா என நீளும் அப்பட்டியலில் தேவாங்கு இல்லை. தேவாங்கு மட்டுமல்ல, முதனி வரிசையைச் சேர்ந்த எந்த விலங்கும் இல்லை.

வங்கத் தேவாங்கு "அழியும் ஆபத்தில் உள்ளது" என்று 2020-ஆம் ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. தென்னிந்தியத் தேவாங்கின் நிலை அந்த அளவுக்குக் கடுமையாக மதிப்பிடப்படவில்லை. அது ஆறுதல் தரும் செய்தி போலத் தோன்றலாம். ஆனால், பரந்த நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தால், அந்த இழப்பை எந்தக் கணக்கும் உடனே காட்டிக் கொடுக்காது.

"தரிசு" என்னும் வீடு

மைசூர் தேவாங்கின் இயற்கையான இருப்பிடம் முள்மரங்களும் புதர்களும் நிறைந்த வறண்ட காடு. வனத்துறையின் மொழியிலும் வருவாய்த் துறையின் மொழியிலும் இத்தகைய நிலத்துக்கு மதிப்பு குறைவு.

இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காடுகள் நிலை அறிக்கையை வெளியிடுகிறது. மரங்களின் விதானம் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்தால்தான் அது காட்டுப் பரப்பாகக் கணக்கிடப்படும். அதற்குக் கீழே உள்ளது "புதர்". 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டின் காட்டுப் பரப்பு 7,13,789 சதுர கிலோமீட்டர். புதர்ப் பரப்பு 46,539 சதுர கிலோமீட்டர். இந்த இரண்டாவது எண் காட்டுப் பரப்பில் சேராது. அது குறைந்தால் காடு குறைந்ததாகச் செய்தியும் வராது.

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறை வெளியிடும் "தரிசு நிலங்களின் வரைபடத் தொகுப்பு" இதைவிட ஒரு படி மேலே செல்கிறது. அடர்ந்த புதர், திறந்த புதர் ஆகிய இரண்டையுமே அது தரிசு நில வகைகளாகப் பட்டியலிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. தொழிற்பேட்டையோ சூரிய மின்பண்ணையோ கல்குவாரியோ, எதுவாயினும் முதலில் தேடப்படுவது தரிசு நிலமே. விளைநிலத்தைக் காப்பதற்கு அது நியாயமான வழியாகத் தெரியலாம். ஆனால் யாருக்கும் பயன்படாதது என்று எழுதப்பட்ட அந்த நிலத்தில் முதல் அட்டவணை விலங்கு ஒன்று குடியிருக்கிறது என்பதை அந்த வரைபடம் சொல்வதில்லை.

காடு என்பது எது என்ற கேள்வி நீதிமன்றத்திலும் தீர்ந்தபாடில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதி மரவெட்டு தொடர்பாகத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், அகராதி தரும் பொருளின்படி காடாக இருப்பவை அனைத்தும், யாருக்குச் சொந்தமானாலும், காடே என்று 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், அரசு ஆவணங்களில் காடு என்று பதிவான நிலங்களுக்கே அச்சட்டம் பொருந்தும் என வரையறுத்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பொருளையே மாநிலங்கள் தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆவணத்தில் ஏறாத முள்காடுகளின் எதிர்காலம் இந்த விவாதத்தோடு பிணைந்து கிடக்கிறது.

கடவூர் காட்டும் வழி

இந்தச் சூழலில் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் எடுத்த முடிவு நாட்டுக்கே முன்மாதிரியானது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள காப்புக்காடுகள் "கடவூர் தேவாங்கு சரணாலயம்" என அறிவிக்கப்பட்டன. தேவாங்குக்கென அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இது. விவசாயப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை உண்பதால் தேவாங்கு விவசாயிகளுக்கு நன்மை செய்கிறது என்பதையும் அரசு அப்போது சுட்டிக்காட்டியது.

இந்த அறிவிப்பின் சிறப்பு அதன் பரப்பளவில் இல்லை. பசுமை மாறாக் காடோ அருவியோ புலியோ இல்லாத வறண்ட குன்றுகளும் முள்காடும் காக்கத் தக்கவையே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதில்தான் சிறப்பு உள்ளது.

ஆனால், சரணாலயத்தின் எல்லைக்கோடு தேவாங்குக்குத் தெரியாது. காப்புக்காட்டுக்கு வெளியே தோட்டங்களிலும் ஊரோரத் தோப்புகளிலும் வேலியோர மரங்களிலும் அவை வாழ்கின்றன. உயிர்வேலியை அகற்றிவிட்டுக் கம்பிவேலி போடும்போதும், சாலையை அகலப்படுத்தச் சாலையோர மரங்களை வெட்டும்போதும் அவற்றின் பாதை அறுபடுகிறது. இறங்கி நடக்கும் தேவாங்கு வாகனத்தில் அடிபடுகிறது. மின்கம்பியைக் கிளை என்று நம்பிப் பற்றும் தேவாங்கு மின்சாரம் தாக்கி இறக்கிறது.

பெரு நகரங்களிலும் இதே கதைதான். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மரம் அடர்ந்த வளாகங்களில் தேவாங்குகள் எஞ்சியுள்ளன. களக்காடு முண்டந்துறையில் தேவாங்குகளை ஆராய்ந்த காபேரி கர் குப்தா, பின்னர் பெங்களூரில் பொதுமக்களையே இரவு நடையில் ஈடுபடுத்தி அவற்றைத் தேடும் முயற்சியைத் தொடங்கினார். வளாகத்துக்கு வெளியே கிளைகள் தொடும் தொடர்ச்சி இல்லாததால், எஞ்சியவை ஒவ்வொன்றும் ஒரு தீவில் வாழ்கின்றன.

அரிட்டாபட்டி தந்த பாடம்

நிலம் பற்றிய முடிவு தில்லியில் எடுக்கப்படும்போது, அந்த நிலத்தில் வாழ்வன கணக்கில் வருகின்றனவா என்ற கேள்வியை அண்மையில் எழுப்பியது மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வாழும் விலங்குகளில் எறும்புத்தின்னியும் தேவாங்கும் உண்டு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியதாயிற்று. அதையடுத்து, இத்தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதியை 2024 நவம்பரில் மத்திய அரசு தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ஏலத்தில் வழங்கியது.

சுற்றுவட்டாரக் கிராம மக்கள் வீதியில் இறங்கினர். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டப்பேரவை ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏலம் முடியும் வரை மாநில அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு கூறியது. 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதியதாக மாநில அரசு பதிலளித்தது. இறுதியில் 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து செய்யப்பட்டது.

அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மாநிலம் பாரம்பரியத் தலமாக அறிவித்த நிலம் ஏலப் பட்டியலில் எப்படி இடம்பெற்றது என்பதே இதில் எழும் அடிப்படைக் கேள்வி. அரிட்டாபட்டியைக் காப்பாற்றியது மக்கள் போராட்டம். அறிவிப்பும் இல்லாத, போராட ஊர்மக்களும் இல்லாத முள்காடுகளை எது காப்பாற்றும்?

வடகிழக்கின் நிலை

வங்கத் தேவாங்குக்கு வேறுவிதமான நெருக்கடி. அதன் வீடு தரிசு என்று எழுதப்படவில்லை. அது அடர்ந்த காடு. ஆனால் அந்தக் காடு சுருங்கி வருகிறது. வடகிழக்கு மாநிலங்களின் காட்டுப் பரப்பு இரண்டு ஆண்டுகளில் 1,020 சதுர கிலோமீட்டர் குறைந்ததாக 2021-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

மேலே கூறப்பட்ட 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசியப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை போன்ற திட்டங்களுக்கு வனச் சட்டத்தின் முன் அனுமதி தேவையில்லை என்கிறது அது. எல்லைப் பாதுகாப்பின் அவசியத்தை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், வடகிழக்கின் பெரும்பகுதி அந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதையும், தாவத் தெரியாத விலங்குக்குச் சாலை என்பது சுவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு பாதை காட்டை எப்படிப் பிளக்கும் என்பதற்கு அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் உள்ள ஹோலோங்காபார் சரணாலயம் எடுத்துக்காட்டு. 1997-இல் அமைக்கப்பட்ட இது, ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ளது. ஹூலக் வாலில்லாக் குரங்கு முதல் வங்கத் தேவாங்கு வரை ஏழு முதனி இனங்கள் இதற்குள் வாழ்கின்றன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடுவே ஆங்கிலேயர் காலத்து ரயில் பாதை. அந்த இருப்புப் பாதை காட்டை இரண்டாக்கிவிட்டது. மரத்தை விட்டு இறங்காத விலங்குகளுக்கு, சில மீட்டர் அகலமுள்ள அந்த வெட்டவெளி ஆற்றைவிடக் கடக்க அரியது.

செய்யக் கூடியவை

தேவாங்கைக் காக்கப் பெரும் செலவோ பெரும் இடப்பெயர்வோ தேவையில்லை. புலிக் காப்பகம் போல் ஊர்களை அகற்ற வேண்டியதும் இல்லை. மனிதர்களுக்கு அருகிலேயே வாழப் பழகிய உயிர் அது.

முதலாவதாக, மத்திய அரசின் மீட்புத் திட்டப் பட்டியலில் இரு தேவாங்குகளையும் சேர்த்து, நாடு தழுவிய கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். இரண்டாவதாக, முள்காடுகளைத் "தரிசு" என்ற தலைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். குறைந்தபட்சம், அத்தகைய நிலத்தை வேறு பயனுக்கு ஒதுக்கும் முன் அங்கு வாழும் முதல் அட்டவணை விலங்குகள் குறித்து இரவு நேர ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். பகலில் மட்டும் நடத்தப்படும் சுற்றுச்சூழல் ஆய்வு தேவாங்கை ஒருபோதும் காணாது.

மூன்றாவதாக, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வனவிலங்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட "சமூகக் காப்பகம்" என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம். நிலத்தின் உரிமையை இழக்காமல், ஊர்மக்களும் நில உடைமையாளர்களும் தாமே முன்வந்து தங்கள் நிலத்தைக் காப்பகமாக்க அது வழி செய்கிறது. சரணாலயத்துக்கு வெளியே உள்ள தோப்புகளுக்கும் வேலியோரங்களுக்கும் இதுவே பொருத்தமானது.

நான்காவதாக, சாலை, ரயில், மின்பாதைத் திட்டங்களில் விலங்குகளுக்கான வழிகளை அமைப்பது குறித்து டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016-இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டுள்ளது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலமோ மூங்கில் பாலமோ அமைப்பது அதிகச் செலவு பிடிக்கும் வேலை அல்ல. அந்த நெறிகள் பரிந்துரை என்ற அளவில் நில்லாமல், ஒப்பந்த நிபந்தனையாக மாற வேண்டும்.

2012-இல் தில்லி விமான நிலையத்தில் பிடிபட்ட தேவாங்கைக் காக்கச் சட்டம் இருந்தது. சோதனையிட ஆள்களும் இருந்தார்கள். காட்டில் இருக்கும் தேவாங்குக்குச் சட்டம் மட்டுமே இருக்கிறது. அதன் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கிளை இருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அந்தக் கிளையையும் கணக்கில் சேர்க்கும் வரை, புலிக்குச் சமமாகத் தரப்பட்ட இடம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.